ஓரத்தில் இருந்த பெயர்

வணக்கம்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கோடை விடுமுறையில் ஓர் ஓவிய வகுப்பில் கோண்டு ஓவியம் கற்றுக்கொண்டாள். மான், மயில், மரம் என்று எல்லாவற்றையும் புள்ளியும் கோடுமாக நிரப்பி அழகாகவே வரைகிறாள். எனக்கு ரவிவர்மா பிடிக்கும், ஆதிமூலத்தின் கோடுகள் பிடிக்கும். ஆனால் கோண்டு ஓவியத்தை அப்படி ரசிக்க முடியவில்லை. பழங்குடி மக்கள் காலங்காலமாக ஒரே மாதிரி வரைந்துவரும் அலங்காரம்தானே இது? இதைக் கலை என்பதா, கைவினை என்பதா? போஸ்டர் வண்ணமும் அக்ரிலிக்கும் வந்தபின் அதன் தூய்மை போய்விட்டது என்கிறார்களே? இதைப் பிரபலமாக்கியவர் ஜப்பானில் தற்கொலை செய்துகொண்டதாகப் படித்தேன். ஏன்? மகளை இதில் தொடர விடலாமா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு மான் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்தப் படத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் என் கோபம். ரவிவர்மாவின் பெயரை எழுதியிருக்கிறீர்கள், ஆதிமூலத்தின் பெயரையும் எழுதியிருக்கிறீர்கள். ஜப்பானில் இறந்துபோனவருக்கு மட்டும் உங்கள் கடிதத்தில் பெயர் இல்லை. எப்படி இறந்தார் என்பது நினைவில் நின்றிருக்கிறது, யார் என்பது நிற்கவில்லை. அவர் பெயர் ஜன்கர் சிங் ஷ்யாம். மகளிடமும் சொல்லுங்கள்.

அடுத்து, 'காலங்காலமாக'. இந்தச் சொல்தான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம். மத்தியப் பிரதேசத்தில் கோண்டு மக்களின் வீட்டுச் சுவர்களில் மண்ணால் புடைப்பு உருவங்கள் செய்வதும், தரையிலும் சுவரிலும் 'டிக்னா' என்ற வடிவங்கள் போடுவதும் பழைய வழக்கம்தான். ஆனால் கோண்டு மக்களிலேயே ஒரு பிரிவான, ஜன்கர் பிறந்த பர்தான் குலத்தாரின் தொழில் பாட்டு. பானா என்ற நரம்பு வாத்தியத்தை எடுத்துக்கொண்டு கோண்டு குடும்பங்களின் வீடுகளுக்குப் போவார்கள். அந்த வீட்டின் வம்சக் கதையையும் தெய்வங்களின் கதையையும் பாடி, தானியமோ துணியோ வாங்கிவருவார்கள். அவர்களுடைய பெரிய தெய்வமான படா தேவ் சாஜா மரத்தில் இருக்கிறார். நம் ஊரில் கருமருது என்போமே, அந்த மரம். ஏழு சகோதரர்களைக் கண்டு மறைந்த கடவுளை, இளையவன் பானா வாசித்து மகிழ்வித்தான் என்பது கதை. அப்படித்தான் பர்தான்கள் பாடகர்களானார்கள்.

கவனியுங்கள். அந்தத் தெய்வங்கள் பாட்டில் இருந்தன, மரத்தில் இருந்தன. படத்தில் இல்லை. அவற்றுக்கு முகமும் கொம்பும் வாலும் கொடுத்துக் காகிதத்தில் கொண்டுவந்தவர் ஜன்கர். 1981இல் ஓவியர் ஜெ. சுவாமிநாதன் போபாலின் பாரத் பவன் என்ற கலை மையத்துக்காகக் கிராமம் கிராமமாகக் கலைஞர்களைத் தேட ஆள் அனுப்பினார். பாட்டன்கர் என்ற ஊரில் ஒரு வீட்டுச் சுவரில் இருந்த அனுமன் படத்தைப் பார்த்துத்தான் இந்த இளைஞரைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வார்கள். (சுவாமிநாதன் சிம்லாவில் பிறந்த தமிழர். பறவையும் மலையும் மரமுமாக அவர் வரைந்த படங்களையும் தேடிப் பாருங்கள்.) 1982இல் பாரத் பவன் திறந்தது. 1989இல் பாரிஸில் போம்பிடு மையம் நடத்திய பெரிய கண்காட்சியில் ஜன்கரின் படங்கள் இருந்தன. போபால் சட்டமன்றக் கட்டடச் சுவரில் அவர் ஒரு விமானம்கூட வரைந்திருக்கிறார். ஒரு மனிதர் கண்டுபிடித்த பாணி இது. அவர் ஊர்க்காரர்களும் உறவினர்களும் அவரிடம் வந்து தங்கிக் கற்றார்கள். 'ஜன்கர் கலம்' என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு. கலம் என்றால் இந்தியில் எழுதுகோல். உங்கள் வயதைவிட இந்தப் 'பழைமைக்கு' வயது குறைவாகக்கூட இருக்கலாம்.

போஸ்டர் வண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கர்னாடக சங்கீதத்துக்குள் வயலின் வந்ததே, தூய்மை போய்விட்டதா? கலையா கைவினையா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள், அதில் யாருக்கும் லாபம் இல்லை. ஜன்கர் 2001இல் ஜப்பானில் மிதிலா அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது உயிரை மாய்த்துக்கொண்டார். ஏன் என்று நான் ஊகிக்க மாட்டேன். நீங்களும் ஊகிக்காதீர்கள், பாவம்.

'ஒரே மாதிரி' என்றீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. ஜன்கரின் உறவினர் பஜ்ஜு ஷ்யாம் இரவுக் காவலாளியாக இருந்தவர், பிறகு ஜன்கரிடம் கற்றார். லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவரில் வரையப் போனவர், பார்த்ததை எல்லாம் வரைந்து வைத்தார். அதில் ஒரு படம்: லண்டனின் பிக் பென் கடிகாரமும் ஒரு சேவலும் ஒன்றாகிவிட்டிருக்கும். அவர்கள் ஊரில் நேரம் சொல்வது சேவல், அங்கே கடிகாரம். சேவலின் கண் இருக்க வேண்டிய இடத்தில் கடிகாரம் வட்டமாக உட்கார்ந்திருக்கும். பாதாள ரயில் மண்புழுவாக நெளியும். இது காலங்காலமான அலங்காரமா? அந்தப் படங்களைப் புத்தகமாக 2004இல் கொண்டுவந்தது நம் சென்னையின் தாரா பதிப்பகம். துர்கா பாய், ராம் சிங் உர்வேதி, பஜ்ஜு ஷ்யாம் மூவரும் மரங்களைப் பற்றி வரைந்த புத்தகத்தைக் கறுப்புக் காகிதத்தில் பதிப்பகத்தார் கையாலேயே அச்சிட்டார்கள். மூவர் பெயரும் புத்தகத்தில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் யார் கை என்று பழகினால் தெரியும். ஒவ்வொருவரும் உருவத்தின் உடலைப் புள்ளியும் கோடுமாக நிரப்பும் விதம் வேறு. அது அவர்கள் கையெழுத்து மாதிரி.

சரி, என் மான்.

பல வருடங்களுக்கு முன் போபாலில் ஒரு கண்காட்சித் திடலில் வாங்கியது. ஓர் இளம்பெண் தரையில் சம்மணமிட்டு வரைந்துகொண்டிருந்தார். மானின் கொம்பு மேலே போகப் போக மரமாகி, கிளையில் ஏழெட்டுக் குருவிகள். வயிற்றை நெல்மணி அளவு அரைவட்டங்களால் நிரப்பினார், ஒவ்வொன்றாக. அரைமணி நேரத்தில் உள்ளங்கை அளவு இடம்கூட நிரம்பவில்லை. ஆயிரத்து இருநூறு கேட்டார். நான் பேரம் பேசித் தொள்ளாயிரத்துக்கு வாங்கினேன். கீழே இடது மூலையில் இந்தியில் பெயர் எழுதிக் கொடுத்தார். வாயாலும் சொன்னார். தலையாட்டினேன்.

ஊருக்கு வந்து ஃபிரேம் போடக் கொடுத்தேன். கண்ணாடி அளவுக்குச் சரியாக வரவில்லை என்று கடைக்காரர் ஓரத்தைக் கத்தரித்துவிட்டார். அப்போது நான் கவனிக்கவே இல்லை. ஜன்கரைப் பற்றிப் படித்தபிறகுதான் யார் வரைந்தது என்று பார்க்கத் தோன்றியது. ஃபிரேமைக் கழற்றி, பக்கத்து வீட்டு இந்தி டீச்சரிடம் காட்டினேன். மிச்சமிருந்தது 'ஷ்யாம்' மட்டும். பாட்டன்கரில் எத்தனையோ பேருக்கு அதுதான் பின்பெயர். முன்னால் இருந்தது போய்விட்டது.

வீட்டுக்கு வருகிறவர்கள் இன்றும் கேட்கிறார்கள், யார் வரைந்தது என்று. கோண்டு ஓவியம் என்கிறேன். வேறு என்ன சொல்ல?

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக வரையட்டும். யார் படத்தைப் பார்த்து வரைகிறாளோ அவர் பெயரைப் பின்பக்கம் எழுதச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் வகுப்பு எடுத்தவரிடம் போய்க் கேட்கட்டும், அவருக்கும் தெரியாவிட்டால் இருவரும் தேடட்டும். முன்பக்கம் அவள் பெயர். ஃபிரேம் போடக் கொடுக்கும்போது கூடவே போய் நில்லுங்கள். ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.