அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் வீரர்களின் குற்றப் பின்னணியைப் பற்றி ஏன் இவ்வளவு வாதாடுகிறார்கள்?

"ஏப்ரல் வந்தால் என் அலுவலகத்து அமெரிக்கர்கள் என்.எஃப்.எல் டிராஃப்ட்டைப் பற்றியே பேசுகிறார்கள். இந்தப் பையன் கைதானவன், அந்தப் பையன் போதை வீடியோவில் சிக்கியவன் என்று மதிய உணவு முழுக்க இதே சண்டை. ஆட்டத்தை ஆட்டமாகப் பார்த்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டியில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். உள்ளூர் அணியான பெங்கால்ஸின் ரசிகன். அந்தச் சண்டையில் நானும் கலந்துகொண்டிருக்கிறேன் என்பதால் உள்ளிருந்தே பதில் சொல்கிறேன். அந்த வாதம் வீண் பேச்சு அல்ல. ஆனால் பெரும்பாலான நேரம் தவறான கேள்வியை நடுவில் வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறோம். எனக்கு அது புரிந்தது 2017ஆம் ஆண்டின் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில்.

முதலில் டிராஃப்ட் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது ஐ.பி.எல் ஏலம் போன்றதல்ல. பணத்தைக் கொட்டி யாரையும் வாங்க முடியாது. என்.எஃப்.எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் 32 அணிகளும் வரிசைப்படி, கல்லூரிகளில் ஆடிவிட்டு வரும் இளைஞர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். முந்தைய பருவத்தில் மிக மோசமாகத் தோற்ற அணிக்கே முதல் வாய்ப்பு. ஏழு சுற்றுகள், மூன்று நாட்கள். எத்தனையாவது ஆளாகப் பெயர் அழைக்கப்படுகிறதோ, அதை ஒட்டித்தான் அந்த இளைஞரின் முதல் ஒப்பந்தத் தொகை அமையும். பத்து இடம் கீழே போனால் பல லட்சம் டாலர் போய்விடும். அணிக்கோ கையில் இருப்பது ஏழெட்டு வாய்ப்புகள். அதில் ஒன்று வீணானால் அடுத்த சில ஆண்டுகளுக்கு அதன் வலி தெரியும். ஆகவேதான் ரசிகர்கள் ஜனவரியிலிருந்தே ஒவ்வொரு பையனின் ஓட்ட வேகத்தையும் கை நீளத்தையும் மனப்பாடம் செய்கிறார்கள். 2024இல் டெட்ராய்ட் நகரத்தில் நடந்த டிராஃப்ட்டுக்கு மூன்று நாளில் 7,75,000க்கும் அதிகமானோர் வந்தார்கள். ஒரு பந்துகூட வீசப்படாத நிகழ்ச்சிக்கு வந்த கூட்டம் இது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஏப்ரல் 28, 2017. டிராஃப்ட் ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. நான் பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுப் பெரியவர் பல காலமாக பெங்கால்ஸின் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர். எனக்கு இந்த ஆட்டத்தின் விதிகளைப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அவருடைய மகனும் மகளும் வந்திருந்தார்கள். சின்சினாட்டியில் வழக்கமாகச் சாப்பிடும், ஸ்பகெட்டியின் மேல் இறைச்சிக் குழம்பு ஊற்றிச் சீஸைத் துருவி மலையாகக் குவித்த தட்டு ஆளுக்கு ஒன்று மடியில். முந்தைய இரவு எங்கள் அணி 9ஆவது இடத்தில் ஜான் ராஸை எடுத்திருந்தது. 40 கெஜத்தை 4.22 விநாடியில் ஓடி, கம்பைன் எனப்படும் உடற்தகுதித் தேர்வில் அதுவரை இருந்த சாதனையை முறியடித்தவர் அவர். அறையில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தோம்.

இரண்டாம் சுற்றில் எங்கள் முறை 41ஆவது இடத்தில் வந்தது. அணி அதை மினசோட்டாவுக்கு விட்டுக்கொடுத்து 48க்கு இறங்கியது. மினசோட்டா அங்கே டால்வின் குக் என்ற ரன்னிங் பேக்கை எடுத்தது. எங்களுக்கும் பந்தை ஏந்தி ஓடும் ஆள்தான் தேவை என்பதால் பெரியவர் சலித்துக்கொண்டார். பிறகு 48ஆவது இடம் வந்தது. ஜோ மிக்ஸன், ஓக்லஹோமா பல்கலைக்கழகம் என்று அறிவித்தார்கள்.

மிக்ஸனைப் பற்றித் தெரியாத ரசிகர் அன்று இருந்திருக்க முடியாது. 2014 ஜூலையில், பதினெட்டு வயதில், நார்மன் நகரத்து உணவகம் ஒன்றில் ஒரு மாணவியின் முகத்தில் குத்தினார். அந்தப் பெண்ணின் முகத்தில் எலும்புகள் முறிந்தன. கல்லூரி அவரை ஒரு பருவம் முழுக்க ஒதுக்கி வைத்தது. நீதிமன்றத்தில் அவர் கொடுத்தது ஆல்ஃபர்ட் வாக்குமூலம். குற்றம் செய்தேன் என்று ஒப்புக்கொள்ளாமல், தண்டிப்பதற்குச் சாட்சியம் போதுமானது என்பதை மட்டும் ஏற்கும் முறை அது. சம்பவத்தின் வீடியோ இரண்டரை ஆண்டுகள் வெளியே வரவில்லை. 2016 டிசம்பரில்தான் வந்தது. வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர்களைக் கம்பைனுக்கு அழைப்பதில்லை என்று லீக் அதற்கு முன்பே முடிவெடுத்திருந்ததால், மிக்ஸனுக்கு அழைப்பு இல்லை. டிராஃப்ட்டுக்குச் சில நாட்கள் முன்னால் அந்தப் பெண் தொடுத்த உரிமையியல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. மிக்ஸன் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

அறையில் முதலில் பேசியது மகன். "முதல் சுற்றுக்குரிய திறமை, 48ஆவது இடத்தில் கிடைத்திருக்கிறது. இதைவிட லாபம் ஏது?" என்றான். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. திறமையை ஒரு தட்டிலும் ஆபத்தை இன்னொரு தட்டிலும் வைத்து, 48 சரியான விலைதான் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை.

மகள் செவிலியர். அவசரசிகிச்சைப் பிரிவில் வேலை. தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்துக் கேட்டார்: "தாடை முறிந்தவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று உனக்குத் தெரியுமா?" அவன் பதில் சொல்லவில்லை. தாடையைக் கம்பியால் கட்டிவிட்டால் வாரக்கணக்கில் எல்லாவற்றையும் அரைத்துக் குடிக்க வேண்டும், வாந்தி வந்தால் கம்பியை வெட்ட ஒரு கத்தரியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்க வேண்டும் என்று, நோயாளியின் வீட்டாரிடம் விளக்குவதைப் போல நிதானமாகச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. பிறகு, "அப்பா, நான் கிளம்புகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதுவரை நாங்கள் பேசிய எதிலும் அந்தப் பெண் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மிக்ஸனின் வயது இருந்தது, வேகம் இருந்தது, சுற்று இருந்தது, அணியின் நற்பெயர் இருந்தது. அடிபட்டவர் மட்டும் கணக்கில் இல்லை.

இந்த ஆட்டத்தைச் சுற்றி வேலை செய்கிறவர்கள் 'கேரக்டர் கன்சர்ன்' என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். குணத்தில் ஐயம் என்று சொல்லலாம். எனக்கு அந்தச் சொல்லின் மேல் தீராத கோபம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டிவிடுகிறது அது. பயிற்சிக்குத் தாமதமாக வந்ததும் அதில்தான், கஞ்சா புகைத்ததும் அதில்தான், ஒரு பெண்ணின் எலும்பை முறித்ததும் அதில்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததைப் பாருங்கள். 2016 டிராஃப்ட் தொடங்கச் சில நிமிடங்களே இருந்தபோது, லாரமி டன்சிலின் ட்விட்டர் கணக்கில் ஒரு வீடியோ வெளியானது. வாயுக் கவச முகமூடியை மாட்டிக்கொண்டு அதன் வழியாக அவர் புகைக்கும் காட்சி. கணக்கை யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்றார் டன்சில். வீடியோவில் இருப்பது தான்தான் என்பதையும் மறுக்கவில்லை. அந்த ஆண்டின் தலைசிறந்த டாக்கிள் என்று பேசப்பட்டவர் அவர். பந்தை வீசும் வீரரான குவார்ட்டர்பேக்கைக் காப்பதுதான் டாக்கிளின் வேலை. அதே வேலைக்கு 6ஆவது இடத்தில் பால்டிமோர் ரானி ஸ்டான்லியையும், 8ஆவது இடத்தில் டென்னஸி ஜாக் காங்க்ளினையும் எடுத்தன. டன்சில் 13ஆவது இடம் வரை சரிந்து மயாமிக்குப் போனார். நாடு முழுக்க இரவெல்லாம் அதே பேச்சு. அந்த வீடியோவால் யாருக்கு என்ன காயம்? பின்னாளில் அவர் லீக்கின் சிறந்த டாக்கிள்களில் ஒருவராக நிலைத்தார். 2019இல் அவரைப் பெற ஹூஸ்டன் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்தது.

அதே டிராஃப்ட்டின் மூன்றாம் நாள், ஐந்தாம் சுற்றில், 165ஆவது ஆளாக டைரீக் ஹில்லை கான்சஸ் சிட்டி எடுத்தது. கருவுற்றிருந்த தன் காதலியைத் தாக்கிய வழக்கில் 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டவர் அவர். கான்சஸ் சிட்டி ரசிகர்கள் பலர் கொதித்தார்கள். ஆனால் டன்சிலின் முகமூடிக்குக் கிடைத்த வெளிச்சத்தில் பாதிகூட அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததற்குக் கிடைக்கவில்லை. கண்ணால் பார்க்க ஒரு வீடியோ இருந்தால்தான் நாம் கோபப்படுகிறோமா என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு. பால்டிமோர் வீரர் ரே ரைஸ் விஷயத்திலும் அப்படித்தான். 2014இல் தன் வருங்கால மனைவியை மின்தூக்கிக்குள் அடித்த அவருக்கு லீக் முதலில் கொடுத்தது வெறும் இரண்டு ஆட்டத் தடை. உள்ளே நடந்ததைக் காட்டும் வீடியோ செப்டம்பரில் வெளிவந்த அன்றே அவருடைய அணி அவரை நீக்கியது. வீடியோ வந்ததால் செய்கை மாறிவிடவில்லை.

தவறே செய்யாதவர் மூட்டைக்குள் சிக்கிக்கொண்ட கதையும் உண்டு. 2015இல் லூயிஸியானாவைச் சேர்ந்த லாயெல் காலின்ஸ் முதல் சுற்றில் போவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர். டிராஃப்ட்டுக்குச் சில நாட்கள் முன்னால் பேட்டன் ரூஜில் அவருடைய முன்னாள் காதலி சுட்டுக் கொல்லப்பட்டார், அவரும் கருவுற்றிருந்தவர். காலின்ஸிடம் பேச வேண்டும் என்றது போலீஸ். அவர் சந்தேக நபர் அல்ல என்பதையும் சேர்த்தே சொன்னது. அது யார் காதிலும் விழவில்லை. டிராஃப்ட்டிலிருந்து விலக அனுமதி கேட்டார்; லீக் மறுத்தது. பின் சுற்றுகளில் எடுத்தால் கையெழுத்திட மாட்டார் என்று அவர் தரப்பு சொன்னதும் அணிகளை விலக்கியிருக்கலாம். எப்படியிருந்தாலும் அந்த மூன்று நாளில் 256 பெயர்கள் அழைக்கப்பட்டன. அவர் பெயர் இல்லை. போலீஸிடம் பேசி முடித்த பிறகு டாலஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது, மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 17 லட்சம் டாலருக்கு. முதல் சுற்றில் போயிருந்தால் அதைப் போலப் பல மடங்கு.

காலின்ஸையும் மிக்ஸனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த அமைப்பு எதை அளக்கிறது என்று தெரியும். அது குற்றத்தை அளப்பதில்லை, நிச்சயமின்மையை அளக்கிறது. மிக்ஸன் செய்தது தெரிந்துவிட்டது, வழக்கு முடிந்துவிட்டது, ஆகவே அதற்கு ஒரு விலை போட முடிந்தது. காலின்ஸின் கதை எங்கே போய் முடியும் என்று அந்த வாரம் யாருக்கும் தெரியவில்லை, ஆகவே விலை போட முடியவில்லை. அணி நிர்வாகிகள் அப்படிக் கணக்குப் போடுவது அவர்கள் தொழில். சம்பளம் வாங்காத ரசிகர்கள் நாமும் ஏன் அதே கணக்கைப் போட வேண்டும்?

இரண்டாம் வாய்ப்பே கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பதினெட்டு வயதில் செய்த தவறுக்காக ஒருவர் வாழ்நாள் முழுக்க வேலை இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கும் ஆள் அல்ல நான். ஆனால் அந்த வாய்ப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அடிபட்டவருக்கு என்ன ஆயிற்று, செய்தவர் அவரிடம் என்ன சொன்னார், அதன் பிறகு எப்படி நடந்துகொண்டார் என்பதைத் தேடிப் படிக்கிறேன். 2023இல் ஜார்ஜியா பல்கலைக்கழக அணியின் ஜேலன் கார்ட்டர் விஷயத்திலும் அப்படித்தான் செய்தேன். அணி கோப்பை வென்ற கொண்டாட்டம் முடிந்த சில மணி நேரத்தில், விடியற்காலையில், அவருடைய காரோடு போட்டி போட்டு விரைந்த இன்னொரு வாகனம் மோதி இருவர் இறந்தார்கள். ஒருவர் சக வீரர் டெவின் வில்லக், இருபது வயது. மற்றவர் அணியில் வேலை பார்த்த 24 வயதுப் பெண். கார்ட்டருக்குக் கிடைத்தது 12 மாத நன்னடத்தைக் கண்காணிப்பும் 1,000 டாலர் அபராதமும் 80 மணி நேரச் சமூக சேவையும். ஃபிலடெல்ஃபியா அவரை 9ஆவது இடத்தில் எடுத்தது. அந்த ஆண்டு நான் கேட்ட வாதங்களில் பெரும்பாலானவை, 5ஆவது இடத்திலிருந்து 9 வரை இறங்கியது அதிகமா குறைவா என்பதைப் பற்றியவை.

ரசிகர்களால் வேறு விதமாகவும் நடந்துகொள்ள முடியும். எங்கள் மாநிலத்தின் வடக்கே கிளீவ்லாந்தில் அதைப் பார்த்தேன். இரண்டு டஜன் பெண்களுக்கு மேல் பாலியல் புகார் சொல்லியிருந்த டெஷான் வாட்ஸனை 2022இல் அந்த அணி 23 கோடி டாலர் உறுதித் தொகையோடு கொண்டுவந்தது. புகார்களை அவர் மறுத்தார். குற்றவியல் வழக்கு எதுவும் பதிவாகவில்லை. லீக் பின்னர் 11 ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. அவரைக் கொண்டுவந்த செய்தி வந்த நாட்களிலேயே, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் அந்த ஊர் மையத்துக்கு ரசிகர்களின் நன்கொடைகள் வந்து குவிந்தன. கோபத்தில் அணியின் சட்டையை எரிப்பதைவிட எனக்கு இது பிடித்திருந்தது.

எங்கள் ஊரிலும் அணி உரிமையாளர் மைக் பிரவுன், மிக்ஸனை ஏன் எடுத்தோம் என்று உள்ளூர் நாளிதழில் ரசிகர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. பெரியவர் அதைக் கத்தரித்து வைத்திருந்தார். சீசன் டிக்கெட்டை விடவில்லை. மகளும் அப்பாவின் வீட்டுக்கு வருவதை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் ஓடும்போது கூடவே உட்கார்ந்துதான் பார்ப்பார். மிக்ஸனைப் பற்றி அந்த வீட்டில் பிறகு யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பிப்ரவரி 13, 2022. எங்கள் அணி முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் ஆடியது. அதே அறை, அதே தட்டுகள். இரண்டாம் காலாட்டத்தில் 13-3 என்று பின்தங்கியிருந்தோம். பந்து மிக்ஸனின் கைக்குப் போனது. ஓடப்போகிறார் என்று எல்லோரும் நினைத்த நொடியில் நின்று, சக வீரர் டீ ஹிக்கின்ஸை நோக்கி வீசினார். டச் டவுன். மகன் துள்ளி எழுந்தான், நானும்தான். பெரியவர் பாதி எழுந்து, கைதட்டுவதற்காகக் கைகளை உயர்த்தி, அப்படியே நிறுத்தி, திரும்பி மகளைப் பார்த்தார். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் மடியில் இருந்தன.