வயல் மண்ணும் தக்காளித் தொட்டியும்: வாசகர் கேள்விகள்

எங்களுக்கு வடுவூர் பக்கம் சொந்த வயல் இருக்கிறது. அந்த மண்ணையே மாடிக்குக் கொண்டுவந்து, எட்டு அங்குலப் பூந்தொட்டிகளில் நிரப்பித் தக்காளி நாற்று நட்டேன். முழங்கால் உயரம்கூட வராமல் இலை பழுத்து நின்றுவிட்டது. நெல் அப்படி விளைகிற மண்ணில் தக்காளி ஏன் வரவில்லை?
வாசகி, மன்னார்குடி

உங்கள் மண்ணைக் குறை சொல்ல மாட்டேன், சகோதரி. காவிரி கொண்டுவந்து சேர்த்த களி அது. நெல்லுக்குத் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்க வேண்டும். அதற்காகத்தானே சேறடித்து நடுகிறோம். தக்காளி வேருக்கோ தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். சின்னத் தொட்டியில் அந்தக் களி நனைந்தால் சேறு, காய்ந்தால் ஓட்டாஞ்சில்லு. காயும்போது ஓரத்தில் வெடித்து விலகுகிறது. நீங்கள் ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே ஓட்டைக்குப் போய்விடும். நடுவில் இருக்கும் வேருக்கு எட்டாது.

வயல் மண்ணை அடியோடு ஒதுக்க வேண்டாம். அதில் ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குப் பொடி சேருங்கள். கலவையைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிரவில்லையென்றால் நார்க்கழிவைக் கூட்டுங்கள். வல்லம் பக்கத்துச் செம்மண் கிடைத்தால் களிக்குப் பதில் அதைப் போடுவது இன்னும் நல்லது.

அடுத்தது தொட்டியின் அளவு. முதன்முதலாக வளர்ப்பவர்கள் அழகான சின்னத் தொட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு உரத்தில் கை சுருக்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு செடிக்குப் பதினைந்து முதல் இருபது லிட்டர் கலவை வேண்டும், ஓரடி ஆழமாவது வேண்டும். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள வளர்ப்புப் பை அதற்குச் சரியாக இருக்கும். அதில் ஒரே ஒரு செடி. இடம் இருக்கிறதே என்று இரண்டாவதை நடாதீர்கள். பழைய அரிசிப் பை வேண்டாம். நம் ஊர் வெயிலில் இற்று, காய் பிடிக்கிற நேரத்தில் கிழியும்.

அடியில் ஜல்லி, ஓட்டுத்துண்டு பரப்பச் சொல்வார்கள். கேட்காதீர்கள். மேலே உள்ள மண் முழுக்க ஊறிய பிறகுதான் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கும். ஆக ஈரம் தேங்கும் இடம் இன்னும் மேலேறி வேரை நெருங்கும். ஓட்டையை மூட ஒரு துண்டு கொசுவலை போதும். தொட்டியை இரண்டு செங்கல் மேல் வையுங்கள். தண்ணீர் வடியும், தளத்தின் சூடும் நேராக ஏறாது.

நார் மில்லில் கழிவைச் சும்மாவே தருகிறார்கள். வீட்டில் மாட்டு எருவும் இருக்கிறது. இரண்டையும் அப்படியே போடலாமா?
வாசகர், பேராவூரணி

உங்களைப் போல வாய்த்தவர்கள் குறைவு, ஐயா. ஆனால் அப்படியே போடாதீர்கள். புதுக் கழிவில் உப்பும் துவர்ப்பும் இருக்கும். இரவு முழுக்க ஊறவைத்துப் பிழியுங்கள். வடியும் நீர் தேநீர் நிறம் மாறித் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மக்காத கழிவு செடிக்குச் சேர வேண்டிய தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கொரு முறை சொல்கிறது: கழிவை அடுக்கடுக்காகப் பரப்பி, இடையிடையே சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் தூவி, ஈரம் காயாமல் மக்கவைப்பது. தோப்பு நிழலில் இடம் இருந்தால் இன்றைக்கே தொடங்குங்கள்.

எரு ஆறு மாதமாவது கிடந்திருக்க வேண்டும். பச்சைச் சாணம் சூடேறி இளவேரைக் கருக்கும். குப்பைக்குழியில் காண்டாமிருக வண்டின் பருத்த வெள்ளைப் புழுக்கள் இருக்கும். தென்னைக்காரரான உங்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சலித்துப் பொறுக்கிவிட்டுத்தான் தொட்டிக்கு எடுக்க வேண்டும். மக்கியதா என்று சந்தேகமா? ஒரு கை எருவை ஈரமாக்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மூன்று நாள் கழித்து முகர்ந்து பாருங்கள். மண் வாசனை வந்தால் சரி. புளித்த நாற்றம் வந்தால் இன்னும் கிடக்கட்டும்.

பெயிண்ட் வாளியில் வளர்க்கலாமா? எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. எந்த மாதம் விதைப்பது?
வாசகி, நாகப்பட்டினம்

சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் இருந்த 20 லிட்டர் வாளி என்றால் சுரண்டிக் கழுவிப் பயன்படுத்தலாம். எனாமல், தின்னர் இருந்தவை வேண்டாம். அடியில் ஐந்தாறு ஓட்டை, பக்கவாட்டில் அடிமட்டத்தை ஒட்டி நாலு ஓட்டை போடுங்கள்.

உப்புத் தண்ணீரில் தக்காளி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தொட்டியில் அந்த உப்பு சேர்ந்துகொண்டே போவதுதான் ஆபத்து. மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து, அடியில் தாராளமாக வழியும்படி அவ்வப்போது ஊற்றிக் கழுவிவிடுங்கள். மேலே வைக்கோல் மூடாக்குப் போட்டால் தண்ணீர்த் தேவையே குறையும்.

கார்த்திகைக் கடைசியில் நாற்று விடுங்கள். பிகேஎம் 1 ரகம் போதும், பெரிய பந்தல் கேட்காது. அடைமழை ஓய்ந்த மார்கழியில், 25 நாள் நாற்றைத் தொட்டிக்கு மாற்றுங்கள். சித்திரைக்குள் பறித்து முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு இரவும் சூடாகவே இருப்பதால் பூ பிஞ்சாகாமல் கொட்டும்.