மருந்து உண்மையானது என்றால் கையூட்டு மட்டும் உரிமையியல் பொறுப்பை உண்டாக்குமா?

மருந்து தரமானது, மருத்துவர் எழுதிக் கொடுத்ததுதான். அப்படியிருந்தும் மருந்தகம் கையூட்டு பெற்றதற்காக அமெரிக்க அரசுக்குப் பணம் கட்ட நேருமா என்பது கேள்வி. நேரும். மெடிகேர் (முதியோருக்கானது), மெடிகெய்ட் (வருமானம் குறைந்தோருக்கானது) போன்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களுக்கு உரிய நோயாளிகளை அனுப்புவதற்காகவோ மருந்தைப் பரிந்துரைப்பதற்காகவோ தெரிந்தே ஆதாயம் கொடுப்பதும் பெறுவதும் கையூட்டுத் தடைச் சட்டப்படி குற்றம். அதன் விளைவாக அரசிடம் கோரப்படும் தொகை பொய்க் கோரிக்கையே என்று 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாகச் சொல்கிறது. அதனால் 1863-இல் இயற்றப்பட்ட பொய்க் கோரிக்கைச் சட்டத்தின்கீழ் அரசின் இழப்பைப்போல் 3 மடங்கும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அபராதமும் விதிக்கலாம்.

கையூட்டு ரொக்கமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்வோரின் உடலில் சேரும் இரும்பை அகற்றும் எக்ஸ்ஜேட் மருந்து தொடர்பான வழக்கில், நோயாளிகளையே கையூட்டாகக் கொடுத்தார்கள் என்பது அரசின் குற்றச்சாட்டு: எந்த மருந்தகம் அதிகம் பேரை மீண்டும் மருந்து வாங்க வைத்ததோ, அதற்கே மருந்தைத் தயாரித்த நோவார்டிஸ் நிறுவனம் கூடுதல் நோயாளிகளை ஒதுக்கியதாம். மருந்தகச் செவிலியர்கள் ஆலோசனை என்ற பெயரில் நோயாளிகளைத் தொலைபேசியில் அழைத்து, நன்மைகளை அழுத்திச் சொல்லி, சிறுநீரகம், கல்லீரல் பாதிப்பு போன்ற ஆபத்துகளை அடக்கி வாசித்ததாகவும் கூறப்பட்டது. என் பார்வையில் இதுவே மிகக் கொடியது. இவ்வழக்கில் பயோஸ்கிரிப் மருந்தகம் 2014-இல் 1.5 கோடி டாலருக்கும், நோவார்டிஸ் வேறு மருந்தொன்றையும் சேர்த்து 2015-இல் 39 கோடி டாலருக்கும் சமரசம் செய்துகொண்டன.

ஒரு கோரிக்கை கையூட்டின் ‘விளைவு’ என்று காட்ட, கையூட்டு இல்லாவிட்டால் அந்தக் கோரிக்கையே வந்திராது என்று அரசு நிரூபிக்க வேண்டுமா என்பதில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை.