ரெய்கிக்குப் போனால் தூக்கம் வருகிறது, மாத்திரையை விட்டுவிடலாமா?

கேள்வி: வேலை நெருக்கடியால் பல மாதங்களாகச் சரியான தூக்கம் இல்லை. மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையைச் சாப்பிட்டுவருகிறேன். தோழி சொன்னதால், கைகளை வைத்துச் செய்யும் ரெய்கி என்ற சிகிச்சைக்கும் போகிறேன். போய்வந்த நாட்களில் மனம் லேசாகி நன்றாகத் தூங்குகிறேன். "இது அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது, இனி மாத்திரை வேண்டாம்" என்கிறார் அங்கே சிகிச்சை தருபவர். "எல்லாம் ஏமாற்று" என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதல் வேலையாக, மாத்திரையை நிறுத்தும் எண்ணத்தைக் கைவிடுங்கள். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் சில மருந்துகளைத் திடீரென விட்டால், தொல்லை முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும். சிலருக்கு வலிப்புகூட வரலாம். அளவைக் குறைப்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். அதைச் சொல்ல வேறு யாருக்கும் உரிமை இல்லை.

உங்களுக்குக் கிடைக்கும் நிம்மதி உண்மையானது. அதை ஏமாற்று என்று கணவர் ஒதுக்குவது சரியல்ல. ஆனால் 'நிரூபிக்கப்பட்டது' என்பதும் உண்மையல்ல.

1920களில் ஜப்பானில் மிகாவோ உசுயி தொடங்கிவைத்த முறை ரெய்கி. கைகள் வழியே உயிராற்றல் பாய்கிறது என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. அப்படியொரு ஆற்றலை இதுவரை எந்தக் கருவியும் அளந்து காட்டியதில்லை. இதற்கு நெருக்கமான இன்னொரு முறையில், நோயாளியைத் தொடாமலே அவருடைய ஆற்றலைக் கைகளால் உணர முடியும் என்கிறார்கள். அமெரிக்கச் சிறுமி எமிலி ரோசா அதை எளிமையாகச் சோதித்தாள். சிகிச்சையாளர்கள் 21 பேர் தடுப்புக்கு அப்பால் இரு கைகளையும் நீட்டினார்கள். அவற்றில் ஒன்றன் மேல் தொடாமல் தன் கையைப் பிடித்து, எந்தக் கை என்று கேட்டாள். 280 முறையில் சரியாக வந்தது 123, அதாவது 44 சதவீதம். வெறுமனே ஊகித்தாலே பாதி சரியாக வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே இந்த ஆய்வு வெளியானது.

அப்படியென்றால் உங்களுக்கு ஏன் தூக்கம் வருகிறது? 2011இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்ட 189 பேரில் சிலருக்கு உண்மையான ரெய்கி, சிலருக்கு ரெய்கிபோலவே தோன்றும் போலிச் சிகிச்சை, மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். உண்மை ரெய்கி பெற்றவர்கள் ஆறுதல் அடைந்தார்கள். போலியைப் பெற்றவர்களும் அதேபோல் அடைந்தார்கள். இரண்டுக்கும் பொதுவாக இருந்தவை அமைதியும், ஒருவர் அருகில் இருந்து காட்டிய அக்கறையும்தான். நாள் முழுவதும் ஓடுகிற உங்களுக்கு, யாரும் எதையும் கேட்காமல் கண்மூடிப் படுத்திருக்கும் நேரம் அங்கேதான் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். அது அற்பமான விஷயம் இல்லை.

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் ரெய்கி உதவுமா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2015இல் அலசியது. அதற்குக் கிடைத்தவை மூன்று சிறிய ஆய்வுகள்தான். பயன் உண்டு, இல்லை என்று எதையும் சொல்ல அவை போதாது என்று எழுதியது. அப்போது கையில் இருந்த ஆதாரம் இவ்வளவுதான்.

கைக்குச் சுமையாகாத செலவென்றால், ஓய்வு என்ற அளவில் தொடர்ந்து போங்கள். அடுத்த நிலைப் பயிற்சி என்று பெரிய தொகை கேட்டால் மறுத்துவிடுங்கள். சிகிச்சையாளர் மீண்டும் மருந்தைப் பற்றிப் பேசினால், அந்த இடத்துக்கே போகாதீர்கள்.

நாட்பட்ட தூக்கமின்மைக்கு நல்ல ஆதாரம் உள்ள வழி ஒன்று இருக்கிறது. தூக்கத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பார்கள். படுக்கையில் விழித்துக் கிடக்கும் பழக்கத்தையும், தூக்கம் வராதோ என்ற பயத்தையும் சில வாரங்களில் படிப்படியாக மாற்றும் பயிற்சி அது. மாத்திரைக்கு முன்பே இதைத் தர வேண்டும் என்று 2016இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு பரிந்துரைத்தது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ரெய்கிக்குப் போவதை மறைக்காமல் சொல்லி, இந்தச் சிகிச்சையை யாரிடம் பெறலாம் என்று கேளுங்கள். கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.