ஆஹனில் படிக்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், பெல்ஜியமும் நெதர்லாந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஊர் ஆஹன். நான் அங்கே 2016 முதல் 2018 வரை முதுகலை படித்தேன். அந்த ஊர் வாழ்க்கையைப் பற்றி வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஆஹனில் எம்.எஸ். இடம் கிடைத்து, அக்டோபரில் கிளம்புகிறான். தங்க இடம் இன்னும் அமையவில்லை, கேட்டால் "அங்க போய்ப் பாத்துக்கலாம்மா" என்கிறான். சமையலும் தெரியாது. நெய், பால்கோவா, கறிவேப்பிலை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். வேறு என்ன கொடுத்து அனுப்பட்டும்?
(ஒரு தாய், ஸ்ரீவில்லிபுத்தூர்)

அம்மா, முதலில் நெய்யையும் பால்கோவாவையும் வெளியே எடுத்து வையுங்கள். பால் பொருளும் இறைச்சியும் வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பெட்டியில் கொண்டுபோகக் கூடாது, பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி, காயவைத்துப் பொடித்த கறிவேப்பிலை, அடி தட்டையான மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, அதற்கு மாற்று கேஸ்கட் இரண்டு போதும். அங்கே பெரும்பாலும் மின்சார அடுப்புதான், அடி குழிந்த பாத்திரம் அதில் சரியாகச் சூடேறாது. கிளம்புவதற்குள் சாதமும் பருப்பும் ஒரு குழம்பும் அவன் கையாலேயே நான்கு முறையாவது வைக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். விடுதிகளில் புகை அலாரம் உண்டு, அது அலறினால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கலாம், அந்தச் செலவு அவன் தலையில் விழவும் கூடும்.

ஆனால் சாப்பாட்டை விட எனக்குக் கவலை தருவது அந்த "போய்ப் பாத்துக்கலாம்" தான். அக்டோபரில் அந்த ஊருக்குள் ஆயிரக்கணக்கான புது மாணவர்கள் ஒரே சமயத்தில் வந்து இறங்குகிறார்கள். மாணவர் விடுதிக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம், அனுமதிக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பித்திருக்க வேண்டும், இன்னும் போடவில்லை என்றால் இன்றே போடட்டும். கூடவே வேகே என்று சொல்கிற பகிர்ந்து வாழும் வீடுகளிலும் தேடட்டும். அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள் வீடியோவில் பேசிப் பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள், பத்து இடத்தில் கேட்டால் ஒன்று அமையும். "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவி தபாலில் வரும்" என்று யாராவது எழுதினால் அது மோசடி. ஒரு பைசா அனுப்ப வேண்டாம்.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் (அன்மெல்டுங் என்று சொல்வார்கள்). அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். வரி எண், விசா நீட்டிப்பு என்று பின்னால் வருகிற பல காரியங்கள் அந்தப் பதிவில் போய் நிற்கின்றன. அப்புறம் தபால்பெட்டி. அந்த நாட்டில் பெட்டியில் பெயர் ஒட்டியிருந்தால்தான் கடிதம் உள்ளே விழும். என் முதல் வங்கி அட்டை, பெட்டியில் என் பெயர் இல்லை என்று திரும்பிப் போய்விட்டது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் இருந்ததால் கடிதங்கள் எல்லாம் அந்தப் பெயருக்கே வந்துகொண்டிருந்தன, நான் என் பெயரை மட்டும் ஒட்டி வைத்திருந்தேன். உங்கள் மகன் இரண்டையும் சேர்த்து எழுதி ஒட்டட்டும். டாக்டரிடம் போனாலும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். காத்திருக்கும் அறையில் முதல் முறை அப்படிக் கேட்டபோது, அப்பாவே வாசலில் வந்து நிற்கிற மாதிரி நான் சட்டென்று எழுந்துவிட்டேன்.

இன்னொன்று. நான் போய் இறங்கியது 2016 அக்டோபர் 1, சனிக்கிழமை இரவு. மறுநாள் ஞாயிறு, அங்கே கடைகள் மூடியிருக்கும். திங்கள் அக்டோபர் 3, ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், அதற்கும் விடுமுறை. ரயில் நிலையத்துக் கடைகள் திறந்திருக்கும் என்று சொல்ல ஆள் இல்லை. அம்மா கொடுத்த முறுக்கும் குழாய்த் தண்ணீருமாக இரண்டு நாள் போனது. போனில் "நல்லா சாப்பிட்டேன்" என்றேன். முடிந்தால் வார நாளில் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுங்கள்.

கேள்வி: பார்ட் டைம் வேலை செய்தே செலவைச் சமாளிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?
(ஒரு மாணவர், ஈரோடு)

முதல் ஆறு மாதத்துக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. விசாவுக்காக முடக்கப்பட்ட கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ போடுகிறோம், அதிலிருந்து மாதம் 992 கைக்கு வரும். வாடகை, 140 யூரோவுக்கு மேல் மருத்துவக் காப்பீடு, சாப்பாடு என்று அது போதும், மிஞ்சாது. சட்டப்படி வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம், 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் பேக்கரியும் கிடங்கும் கடையும் ஜெர்மனில்தான் நடக்கின்றன. பி1 அளவு, அதாவது அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் அளவு ஜெர்மனாவது இங்கேயே படித்து முடித்துவிட்டுப் போங்கள். துறையிலேயே பேராசிரியருக்கு உதவியாளராக, ஹிவி என்பார்கள், வேலை கிடைத்தால் அதை விடாதீர்கள். அது அந்த 140 நாள் கணக்கில் சேராது, படிப்புக்கும் உதவும். கடன் தவணையை வேலையை நம்பித் திட்டமிடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படிப் போய் வகுப்பை விட்டுவிட்டு இரவு ஷிஃப்டில் சிக்கியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தங்கை அங்கே படிக்கப் போகிறாள். கோயில், எங்கட ஆட்கள் யாரும் உண்டா?
(ஒரு அக்கா, வவுனியா)

நிறைய உண்டு அக்கா. எண்பதுகளில் இருந்து வந்து குடியேறிய ஈழத்தமிழரின் கடைகள் ஆஹன் இருக்கிற மாநிலத்து நகரங்களில் இருக்கின்றன, முருங்கைக்காயும் குத்தரிசியும் அங்கேயே கிடைக்கும். ஹம் நகரில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002இல் குடமுழுக்கு நடந்தது, கோடையில் தேர். கையில் நாடு முழுக்கச் செல்லும் மாணவர் பயண அட்டை இருந்தால் சாதாரண ரயில்களில் போக தனிச் செலவில்லை, நெடுந்தூர விரைவு ரயிலில் மட்டும் ஏறக் கூடாது.

கேள்வி: ஆஹனில்தான் படிக்கிறேன். முதல் செமஸ்டரில் இரண்டு தேர்வில் 5.0. மூன்று மணிக்கே இருட்டுகிற மாதிரி இருக்கிறது, அறையை விட்டு வெளியே போகப் பிடிக்கவில்லை. வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லி வருகிறேன்.
(பெயர் வேண்டாம்)

தம்பி, எழுதினீர்களே, அது நல்ல காரியம். அந்த ஊரில் டிசம்பர் கடைசியில் சூரியன் எட்டரைக்கு எழுந்து நாலரைக்கு இறங்கிவிடும், நடுவிலும் மேகம்தான். உடம்பு சோர்வதற்கு அதுவே ஒரு காரணம், உங்கள் சோம்பல் இல்லை. மதியம் சாப்பிட்டதும், லேசான மழை என்றாலும், லௌஸ்பெர்க் குன்றுக்கு ஏறி இறங்குங்கள். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் பசியும் சரியாகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு உளவியல் ஆலோசனை இருக்கிறது, பணம் கிடையாது, ஆங்கிலத்திலும் பேசலாம்.

5.0 என்பது தோல்விதான், மறைக்க வேண்டாம். அங்கே 1.0 உச்சம், 4.0 வரை தேர்ச்சி. பல படிப்புகளில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்பு, மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பே முடிந்துவிடும், அதனால் அடுத்த முறையை நிதானமாக எடுங்கள். தயாராக இல்லை என்றால் குறித்த நாளுக்குள் பெயரை விலக்கிக்கொள்ளலாம். முக்கியமாக, திருத்திய விடைத்தாளைப் பார்க்க ஒரு நாள் தருவார்கள், அதற்குக் கட்டாயம் போங்கள். நானும் ஒரு தாளில் தோற்றுப் போய்ப் பார்த்தேன். நீண்ட மேசையில் தாளை வைத்தார்கள். விடைகள் எல்லாம் சரி. ஆனால் எண்ணை மட்டும் எழுதிவிட்டு, அது எப்படி வந்தது என்று நான் எழுதவே இல்லை, ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் சிவப்பில் "ஏன்?" என்று இருந்தது. நம் ஊர்த் தேர்வு எழுதிய கைப்பழக்கம் அது. அடுத்த முறை ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதினேன், 2.3 வந்தது.

வீட்டில் சொல்லுங்கள். முதல் கடிதம் எழுதிய அம்மாவைப் பாருங்கள், பால்கோவா கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், உங்கள் அம்மாவும் அப்படித்தான் இருப்பார். நான் அந்த முறுக்கு நாட்களை அம்மாவிடம் சொன்னது இரண்டு வருடம் கழித்துத்தான். அவர் கோபப்படவில்லை, "அன்னிக்கே உன் குரல் சரியில்லைன்னு அப்பாகிட்ட சொன்னேன்" என்றார். குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே மதியம் இரண்டரை, எல்லோரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருப்பார்கள். அப்போது கூப்பிடுங்கள்.