கொல்லையில் தானாக முளைத்தது வேம்பா, மலைவேம்பா, வேறு ஏதாவதா?

"இலை வேப்பிலை மாதிரி, ஆனால் பெரிது. பட்டை வழவழவென்று சாம்பல் நிறம். யாரும் நடவில்லை, மூன்று வருடத்தில் மாடியைத் தொட்டுவிட்டது. என்ன மரம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதே கேள்வியோடு நாங்கள் இரண்டு வருடம் இருந்தோம். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டில், குளியலறைத் தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரம் ஒன்று முளைத்தது. அம்மா வேம்பு என்றார். நான் மலைவேம்பு என்று சாதித்தேன். ப்ளைவுட்டுக்கு விலை போகும் என்ற நப்பாசைதான். படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலியும் வேம்பு என்றது. ஒரு துணுக்கை மட்டும் படம் பிடித்துக் காட்டியது என் தப்பு.

ஏனென்றால் நாம் வேப்பிலை என்று ஒவ்வொன்றாகக் கிள்ளுவது முழு இலை இல்லை, அதன் ஒரு சிற்றிலை. காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மேல்பக்கம் சின்ன மொட்டு தெரிகிறதா? அங்கிருந்துதான் முழு இலை தொடங்குகிறது. சிற்றிலையின் அடியில் அந்த மொட்டு இருக்காது. முழு இலையை ஒடித்துத் தரையில் பரப்பிப் பாருங்கள். நடுக்காம்பிலிருந்து கிளைக்காம்புகள் பிரிந்து, அவற்றில் சிற்றிலைகள் இருந்தால் மலைவேம்பு. நடுக்காம்பிலேயே நேராக இருபுறமும் இருந்தால் மலைவேம்பு கிடையாது. என் வாதம் இந்த ஒரு பார்வையிலேயே விழுந்திருக்கும், நான்தான் பார்க்கவில்லை.

சரி, வேம்பா? வேம்பின் சிற்றிலை அரிவாள் போல வளைந்து, ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும். முழு இலை ஓரடி, கொஞ்சம் கூடக் குறைய. உங்களுடையது ஒன்றரை, இரண்டடி நீளம், சிற்றிலை இரண்டு மூன்று விரல் அகலம், ஓரத்தில் ஒழுங்கில்லாத பெரிய பற்கள், கசக்கினால் ஒரு கெட்ட வாடை என்றால் அது பெருமரம். தீக்குச்சி மரம் என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் அயிலாந்தஸ் எக்செல்சா. பீநாறி என்றும் ஒரு பெயர் உண்டு, ஆனால் கைவிரலை விரித்த மாதிரி இலை உள்ள இன்னொரு மரத்துக்கும் அதே பெயர்தான். ஓரத்தில் பல்லே இல்லாமல், ஏழோ ஒன்பதோ சிற்றிலைகள், நுனியில் ஒற்றையாக ஒன்று என்றால் ஒதிய மரம். "ஒதி பெருத்தால் உத்தரம் ஆகுமா" என்கிறார்களே, அது.

"வாயில் போட்டுப் பார், கசந்தால் வேம்பு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெருமரத்துப் பட்டையும் கசக்கும். தவிர, தெரியாத இலையை மெல்லுவானேன்?

பட்டையை வைத்து இளமரத்தில் முடிவெடுப்பது கஷ்டம். முதிர்ந்த வேம்பில் நெடுக்கு வெடிப்புகள் இருக்கும், கீறினால் உள்ளே செம்மை தெரியும். மூன்று வயதில் அதெல்லாம் சரியாக வந்திருக்காது. நிறத்தை விட்டுவிட்டு வடுவைத் தேடுங்கள். பெருமரத்தில் இலை விழுந்த இடமெல்லாம் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெரிய தழும்பு இருக்கும்.

எங்கள் வீட்டு வழக்கில் தீர்ப்புச் சொன்னது ஆடு வளர்க்கும் பக்கத்துத் தெரு அத்தை. "பெருமரத்துக் குழைதானே தம்பி, ரெண்டு கொப்பு ஒடிச்சுக்கிடவா?" என்றார். அவ்வளவுதான். அது எப்படி வந்தது என்பதும் பிறகுதான் புரிந்தது: விதையைச் சுற்றித் தகடு மாதிரிச் சிறகு, காற்றிலேயே வந்துவிடும்.

பெருமரம்தான் என்று உறுதியானால் மாடிக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று இப்போதே பாருங்கள். கட்டை மிருது, மரமோ அறுபதடிக்கு மேல் போகும். எங்களுடையதில் ஒரு ஆடிக் காற்றுக்குக் கொப்பு முறிந்து ஓட்டின்மேல் விழுந்தது. அப்புறம் வீட்டுப் பக்கக் கொப்புகளை வருடாவருடம் கழித்துவிடுகிறோம். குழை அத்தைக்கு.