உப்பளக் கசப்பு நீரிலிருந்து மகனீசியம் ஐதரொட்சைட்டு நனோத் துகள்: மலையக வாசகர் கேள்விகள்

அட்டன், உயர்தர மாணவர்: கசப்பு நீர் என்றால் என்ன சேர்?

புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் கடல்நீரைப் பாத்திகளில் காயவைத்து, உப்பை வாரிய பிறகு மிஞ்சும் தடித்த நீர், தம்பி. நீரின் அடர்த்தி ஏறத்தாழ 30 பாகை போமேயைத் (உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் அளவு) தாண்டினால் மகனீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து உப்பு கசந்துவிடும். அதனால் வெளியே விட்டுவிடுகிறார்கள்.

பண்டாரவளை, ஆசிரியை: இந்த நனோத் துகளைப் பாடசாலையில் செய்து காட்டலாமா?

தாராளமாக, டீச்சர். கசப்பு நீர் இல்லாவிட்டால் எப்சம் உப்பு (மகனீசியம் சல்பேற்று) கரைத்த நீர் போதும். கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு, நன்றாகக் கலக்கியபடி சோடியம் ஐதரொட்சைட்டை விடுங்கள். வெள்ளைக் கூழாக மகனீசியம் ஐதரொட்சைட்டு திரளும். விரைவாகக் கலந்தால் ஒரே நேரத்தில் ஏராளமான கருக்கள், அதாவது துகள் வளரத் தொடங்கும் நுண் புள்ளிகள், தோன்றும். துகள் சிறிதாகவே நின்றுவிடும். மெதுவாக விட்டுச் சூட்டில் வைத்தால் துகள் பெரிதாகிவிடும். வடிகட்டும்போதுதான் பொறுமை வேண்டும், கூழ் வடிதாளை அடைத்துக்கொள்ளும். காயும்போது துகள்கள் ஒட்டிக் கட்டியாகும். கடைசியில் எதனோலால் கழுவினால் அது குறையும். நனோ என்று சொல்ல, துகள் 100 நனோமீற்றருக்குள் (ஒரு நனோமீற்றர் மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு) வந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது, இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும்.

மாத்தளை, சுண்ணாம்புச் சூளை நடத்துபவர்: இதில் காசு பார்க்கலாமா?

58 கிராம் மகனீசியம் ஐதரொட்சைட்டுக்கு 80 கிராம் கொஸ்டிக் சோடா (அதே சோடியம் ஐதரொட்சைட்டுதான்) போகும். இலாபம் அங்கேயே கரைந்துவிடும். நீற்றிய சுண்ணாம்பு மலிவு. ஆனால் கசப்பு நீரிலுள்ள சல்பேற்று அதோடு சேர்ந்து ஜிப்சமாகி விளைபொருளைக் கெடுக்கும். முதலில் கல்சியம் குளோரைட்டு இட்டுச் சல்பேற்றை இறக்கிவிட வேண்டும். உங்கள் பக்கத்து டொலமைட்டை (மகனீசியம் கலந்த சுண்ணக்கல்) சுட்டுப் பயன்படுத்தினால் அதிலுள்ள மகனீசியமும் கூடவே வரும். நீரை மலைக்கு ஏற்றாதீர்கள். சுண்ணாம்பைக் கீழே இறக்குங்கள்.

தலவாக்கலை, வெளிக்கள உத்தியோகத்தர்: தேயிலைக்கு இந்தத் துகளைத் தெளிக்கலாமா?

முதிர்ந்த இலையில் நரம்புகளுக்கிடையே மஞ்சளித்தால் மகனீசியம் குறைவு. அதற்குக் கீசரைட் (மகனீசியம் சல்பேற்று உரம்), டொலமைட் இருக்கின்றன. அவசரத்துக்கு எப்சம் உப்புத் தெளிப்பு. நனோ என்ற பெயருக்காகக் காசைக் கொட்ட வேண்டாம்.

நுவரெலியா, மரக்கறிச் செய்கையாளர்: கசப்பு நீரையே ஊற்றினால்?

வேண்டாம் அண்ணன். சோடியமும் குளோரைட்டும் வேரைக் கருக்கிவிடும்.

பதுளை வாசகர்: அப்போ இந்தத் துகள் எதற்குத்தான் உதவும்?

மின்கம்பி உறைக்கு. ஏறத்தாழ 340 பாகை செல்சியசில் மகனீசியம் ஐதரொட்சைட்டு சிதைந்து நீராவியை விடும். தீ பரவுவது மட்டுப்படும். அமிலக் கழிவுநீரைச் சமப்படுத்தவும் உதவும், அதற்கு நனோ அளவே தேவையில்லை.